பெரிய எழுத்து குமரகுரு

குமரகுரு: அந்த மொத வரிய மட்டும் இன்னொரு வாட்டி படிப்பா.

யேசுதாஸ்: "மதிப்பிற்குரிய குமரகுரு அவர்களுக்கு..."

குமரகுரு: ஆங்... போதும். மதிப்பு இருக்குதுனு அவனே எழுதிட்டான். நான் வீட்டுக்குக் கெளம்பறேன்.

யேசுதாஸ்: உக்காருங்கண்ணா. ரெண்டாவது வரிலயே "கடைசி எச்சரிக்கை"னு இருக்குது. இன்னிக்கி சாயந்திரம் ஆறு மணிக்குள்ள ஒழுங்கான முறையில ஒரு மன்னிப்பு மெயில் வரலனா, நம்ம தெரு மெயில் குரூப்ப விட்டு உங்கள எடுத்துடுவாராம்.

குமரகுரு: யாரு, சபாபதியா? நம்ம தெருவுல டவுசரப் புடிச்சுக்கினு ஓடின பையன்பா அவன். இப்போ பெங்களூர்ல உக்காந்துக்கினு எனக்கு மெயில் போடச் சொல்லித் தரான்.

யேசுதாஸ்: குரூப்ப ஆரம்பிச்சவரு அவருதானே. தெருவுல இருக்கறவங்க, சூரத்து, சிங்கப்பூருனு போயிட்டவங்க, எல்லாரும் மெயில்லயாவது ஒண்ணா பேசிக்கட்டும்னு...

குமரகுரு: நான் பேசிக்கினுதானே இருக்கறேன்!

யேசுதாஸ்: நீங்க பேசல, கத்தறீங்கனு புகாரு.

குமரகுரு: மெயிலுக்கு ஏதுப்பா தொண்ட?

யேசுதாஸ்: எழுத்த அவ்வளோ பெருசா, அதுவும் ரத்தச் செவப்புல போட்டா, மெயில்ல அதுக்குப் பேரு கத்தறது. ஒரு ஸ்க்ரீனுக்கு உங்க எழுத்து நாலுதான் புடிக்குதாம்.

குமரகுரு: மூணு. "ஔ" வந்துச்சுனா ரெண்டு. உனக்கு விசயம் தெரியாது யேசு... போன வாரம் சபாபதி ஆபீசுல என் மெயில தொறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டான். கண்ணாடி சன்னலு. செவப்பு வெளிச்சம் கீழ ரோட்டு வரைக்கும் அடிச்சிருக்குது. வர்ற வண்டியெல்லாம் அப்படியே நின்னுடுச்சு. பெங்களூர்ல ட்ராபிக், ட்ராபிக்னு ஊரே பொலம்புதே... நாந்தான். வெளிய சொல்லிடாத.

யேசுதாஸ்: இத யாருண்ணா உங்களுக்குச் சொன்னது?

குமரகுரு: நாந்தான். இப்போ சொன்னேனே, கேக்கல?

யேசுதாஸ்: சரி... வீட்ல கம்ப்யூட்டர் இருக்கறப்போ என் நெட் கடைக்கு ஓடி வந்து உக்காந்துட்டு இருக்கீங்களே, அப்பவே தெரிஞ்சுச்சு, பயந்துட்டீங்கனு.

குமரகுரு: பயமா? எனக்கா? ...ஃபேன கொஞ்சம் இப்படித் திருப்பு. வேர்க்குது.

யேசுதாஸ்: எடுத்துட்டா எடுத்துட்டுப் போறாங்கண்ணா. வாட்சாப் இருக்குது. பேரப்புள்ளைங்க குரூப்பு இருக்குது.

குமரகுரு: அதுல துரைக்கண்ணு இல்லியே. தினம் காலைல எழுந்தா அவன் எனக்கு ஒரு மெயில் போட்டிருப்பான். நான் ஒண்ணு போடுவேன். மத்தியானம் அவன் ஒண்ணு. சண்ட போட வேற எடம் இல்லப்பா எங்களுக்கு. குரூப்ப விட்டுப் போனா நான் யார்கிட்ட பேசறது? வீட்டுக்காரி தையல்நாயகிகிட்டயா? அவ நான் வாயத் தொறந்தாலே மிக்சிய போடறா.

யேசுதாஸ்: நேர்ல போய் சண்ட போடறது. தென்னேரி இன்னா அமெரிக்காவா? வாலாஜாபாத்துல பஸ் மாறினா அவரு பொண்ணு வீட்டு வாசல்லயே எறங்கலாம்.

குமரகுரு: முடியாதுப்பா. அவன் மூஞ்சில முழிக்க மாட்டேன்னு அம்மன் கோயில்ல கற்பூரத்த அணைச்சு சொல்லிட்டேன். அவனும் அணைச்சான். மெயில்ல முழிக்க மாட்டோம்னு ரெண்டு பேருமே சொல்லல. அப்போ மெயில் கெடையாது.

யேசுதாஸ்: அவ்வளோ பெரிய சண்டையா?

குமரகுரு: பின்ன? அம்மனுக்கு ஒரு பொடவ நெய்ஞ்சோம். ஒரே தறி. நடுவுல நான் உக்காந்து ஒடம்பு நெய்வேன், ஓரத்துல அவன் உக்காந்து கரைக்குத் தனி நாடாக்கட்ட தள்ளுவான். ஒடம்பையும் கரையையும் கோக்கற கோர்வைனா அப்படித்தான், ரெண்டு பேரு இல்லாம ஆவாது. அந்தக் கரை அரக்குக் கலருனு நான் சொல்றேன். இல்ல, குங்குமக் கலருனு அவன் சொல்றான்.

யேசுதாஸ்: இவ்வளோதானா?

குமரகுரு: இவ்வளோதானாவா! உங்க சர்ச்சுல யாராவது வந்து சிலுவைக்கு மூணு கையினு சொன்னா நீ சும்மா இருப்பியா?

யேசுதாஸ்: பொடவையத் தேடிப் பாத்தா முடிஞ்சு போச்சு.

குமரகுரு: அம்மன் கட்டிக்கினா. அவள கேட்டா ரெண்டு பேருக்கும் பொதுவா சிரிக்கிறா.

யேசுதாஸ்: சரி, மணி நாலரை. உங்க மெயிலுக்குள்ள போறேன். பாஸ்வேர்ட் சொல்லுங்க.

குமரகுரு: "அது அரக்குதான்". நடுவுல எடம் விடாம அடி.

யேசுதாஸ்: அண்ணா! ஊருக்கே தெரியுமே இது! துரைக்கண்ணு அண்ணன் உள்ள பூந்துட்டா?

குமரகுரு: செத்தாலும் அவன் கையால அத அடிக்க மாட்டான். அதவிட பாதுகாப்பு எந்த பாங்க்ல இருக்குது?

யேசுதாஸ்: ...தொறந்துடுச்சு. ஐயய்யோ, இன்னாண்ணா இது, பாதி மெயிலுக்கு மேல ஒரே தலைப்புல இருக்குது? "கரண்ட் எப்போ வரும்?"

குமரகுரு: அது நல்ல தலைப்புப்பா. ரெண்டு வருசமா பெரும்பாலும் அதுலதான் எழுதறேன். புதுசா தலைப்பு வெக்கற எடம் எங்க இருக்குதுனு எனக்குத் தெரியல. எதையாவது ஒண்ண தொறந்து, "ரிப்ளை" அமுக்கிட்டு எழுதிடுவேன்.

யேசுதாஸ்: அதான் சபாபதி எழுதி இருக்காரு. "புதிய செய்திக்குப் புதிய தலைப்பு இடவும்." ஜெயக்குமாரோட மாமனாரு தவறினப்போ நீங்க எழுதின இரங்கல் மெயிலு...

குமரகுரு: நல்லா எழுதி இருந்தேனே! எல்லாரும் அழுதாங்க.

யேசுதாஸ்: தலைப்பு "மனமார்ந்த வாழ்த்துகள்"னு இருந்துச்சுண்ணா. கீழ நீங்க, "இதைத்தான் இத்தனை நாளாக எதிர்பார்த்தோம்"னு...

குமரகுரு: அது அதுக்கு முந்தின மெயிலு. விக்ரமுக்கு வேல கெடைச்சதுக்கு எழுதினது. ஒட்டிக்கினு வந்துடுச்சு.

யேசுதாஸ்: அதேதான். ரெண்டாவது புகாரு. பதில் போடறப்போ பழைய மெயில் பூரா கீழ தொங்குது. வேண்டிய ரெண்டு வரிய மட்டும் வெச்சுட்டு மீதிய அழிக்கணும். உங்க கடைசி மெயில அச்சடிச்சா இங்கருந்து ஐயம்பேட்டை வரைக்கும் விரிக்கலாம்.

குமரகுரு: ஐயம்பேட்டையோட நிக்காது. பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும்.

யேசுதாஸ்: ஏண்ணா அழிக்கறதில்ல?

குமரகுரு: நான் தறிக்காரன்பா. தறில புதுப் பாவு நூல் போடறப்போ பழசோட முனையிலதான் ஒவ்வொரு இழையா பிணைப்போம். பழச அறுத்து எறிஞ்சா, மறுபடி அச்சுல அத்தன இழையையும் மொதல்லருந்து கோக்கணும். அறுத்தவனுக்கு அன்னிக்கி சோறு கெடையாது. கை பழகிப் போச்சு. "டெலீட்"டு மேல வெரல வெச்சாலே எங்கப்பன் பின்னாடி நின்னு மண்டைல கொட்டற மாதிரி இருக்குது.

யேசுதாஸ்: இது தறி இல்லண்ணா.

குமரகுரு: அது எனக்குத் தெரியுது. கைக்குத் தெரியல.

யேசுதாஸ்: அப்புறம் அந்த இசப்கோல் விசயம்...

குமரகுரு: அத ஏம்பா இப்போ கெளறற?

யேசுதாஸ்: அவரு கெளறி இருக்காரு. "தனிப்பட்ட செய்திகளை அனைவருக்கும் அனுப்புதல்." உங்க பையனுக்கு எழுத வேண்டியத குரூப்புக்கே போட்டு...

குமரகுரு: "வரும்போது இசப்கோல் வாங்கி வா, நாலு நாளாக எனக்கு அங்கே போகவில்லை"னு எழுதினேன். அவ்வளோதான். அதுல இன்னா கெட்ட வார்த்த இருக்குது? ஒரே நாள்ல ஊர் ஒலகத்துலருந்து பதிலு. பப்பாளி சாப்புடுங்கனு ஒருத்தன், வெந்நீர் குடிங்கனு ஒருத்தன். சிங்கப்பூர்லருந்து டேனியல் பையன் ஒரு டப்பாவே பார்சல் அனுப்பிட்டான். துரைக்கண்ணு மட்டும் இன்னா எழுதினான் தெரியுமா? "வாய்ல வர்றது நிக்கட்டும், அது தானா போவும்"னு.

யேசுதாஸ்: ஹஹ... சரியாதான சொல்லி இருக்காரு?

குமரகுரு: சரியாதான் சொன்னான். அதான் கோவம்.

யேசுதாஸ்: கையெழுத்துக்கு வாங்க. மெயிலுக்கு அடில பேரு, ஊரு, ரெண்டு வரி போதும்னு விதி. உங்களுது... இருங்க, உருட்டிக்கினே இருக்கறேன்... "முன்னாள் உதவிச் செயலாளர், பங்குனி உத்திரத் தண்ணீர்ப் பந்தல். மூன்று கலெக்டர்களுக்கு வணக்கம் சொன்னவர்."

குமரகுரு: ஒருத்தரு திரும்ப சொன்னாரு.

யேசுதாஸ்: "தென்னேரி ஏரியை ஒரே மூச்சில் கடந்தவர்." நெசமாவா? அவ்வளோ பெரிய ஏரியவா?

குமரகுரு: நெசந்தான். சித்திர மாசம். தண்ணி இல்ல. சைக்கிள்ல.

யேசுதாஸ்: அண்ணா...

குமரகுரு: நீந்தினேன்னு எங்க போட்டிருக்கறேன்? கடந்தேன்னுதான் போட்டிருக்கறேன். படிக்கறவன் தண்ணி ஊத்திக்கினா நான் இன்னா பண்றது?

யேசுதாஸ்: எல்லாத்தையும் எடுக்கறேன். பேரு, ஊரு. அவ்வளோதான்.

குமரகுரு: எடு, எடு. உரிச்ச கோழி மாதிரி நிக்கறேன்.

யேசுதாஸ்: ரோஜாப்பூ?

குமரகுரு: அதுவுமா? காலை வணக்கத்துக்கு ஒரு கொத்து வெச்சா இன்னாப்பா தப்பு? போன மாசம் நான் அனுப்பின ரோஜாவுல கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு தேனீ வந்து உக்காந்துச்சு.

யேசுதாஸ்: அண்ணா.

குமரகுரு: சரி... எறும்புதான். எடுத்துடு.

யேசுதாஸ்: இப்போ மன்னிப்பு. சொல்லுங்க, அடிக்கறேன்.

குமரகுரு: எழுதிக்க. "ஏழு கடல் தாண்டியும் பரந்து கிடக்கும் நெசவுத்தெருப் பெருமக்களே! இமயம் குனிந்தாலும் குனியாத இந்தக் குமரகுரு..."

யேசுதாஸ்: இப்படிப் போடறேன். "அனைவருக்கும் வணக்கம். என் மடல்கள் பலருக்குத் தொந்தரவாக இருந்ததை அறிந்தேன். மன்னிக்கவும். இனி விதிகளின்படி எழுதுவேன்."

குமரகுரு: முடிஞ்சுதா?

யேசுதாஸ்: முடிஞ்சுது.

குமரகுரு: இவ்வளோ சின்னதா மன்னிப்புக் கேட்டா நெசமாவே தப்பு பண்ணவன்னு நெனச்சுக்கப் போறாங்க. சரி, போனா போவுது. இப்போ அத பெருசாக்கு.

யேசுதாஸ்: இன்னும் எழுதணுமா?

குமரகுரு: எழுத வேணாம். எழுத்த பெருசாக்கு. இன்னா இது, ரவைய கொட்டின மாதிரி...

யேசுதாஸ்: அண்ணா, மொத குத்தமே அதான்! பெரிய எழுத்துல மன்னிப்புக் கேட்டா, செருப்புக் காலோட கோயிலுக்குள்ள வந்து விழுந்து கும்புடற மாதிரி இருக்கும்.

குமரகுரு: தலைப்ப குடுத்துட்டேன். பட்டத்த குடுத்துட்டேன். ரோஜாவ குடுத்துட்டேன். இத மட்டும் குடுக்க மாட்டேன்.

யேசுதாஸ்: ஏன்?

குமரகுரு: நான் தறிச் சத்தத்துல பேசி வளந்தவன். தொண்ட பெருசு. எழுத்தும் பெருசாதான் வரும்.

யேசுதாஸ்: துரைக்கண்ணு அண்ணனும் அதே தறிச் சத்தத்துலதான் வளந்தாரு. அவரு எழுத்து அளவாதானே வருது?

குமரகுரு: வருது... அவன் மெயில பத்தி ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். வரவர அவன் எழுத்துல முற்றுப்புள்ளியே இல்ல, பாத்தியா? ஒரு கமா இல்ல. மூச்சு விடாம திட்றான். முன்ன இப்படி எழுத மாட்டான்.

யேசுதாஸ்: ...வயசாவுதுல்ல. பழசு மறக்கும்.

குமரகுரு: திட்றது ஒண்ணு கூட மறக்கலியே?

யேசுதாஸ்: நீங்கதான் மறந்துட்டீங்க.

குமரகுரு: நானா?

யேசுதாஸ்: முன்னெல்லாம் அவருக்கு எழுதறப்போ, "ஏ குருட்டுப் பயலே"னுதான ஆரம்பிப்பீங்க? குரூப்பே அதுக்காவ காத்துக்கினு இருக்கும். ஐப்பசிலருந்து பாக்கறேன், "அன்புள்ள துரைக்கண்ணு"வாம். இன்னாண்ணா இது, கல்யாணப் பத்திரிகையா?

குமரகுரு: விதிப்பா, விதி. "தனிமனிதத் தாக்குதல் கூடாது"னு சபாபதி போட்டிருக்கறான் பாரு.

யேசுதாஸ்: இருக்கற விதி அத்தனையும் மிதிச்சுட்டு, அத ஒண்ண மட்டும் தலைல தூக்கி வெச்சுக்கினு இருக்கீங்க.

குமரகுரு: எங்கயாவது ஒரு எடத்துல ஆரம்பிக்கணும்ல.

யேசுதாஸ்: அண்ணா, அஞ்சரை ஆயிடுச்சு. சின்ன எழுத்துலயே அனுப்பிடவா?

குமரகுரு: வேணாம்.

யேசுதாஸ்: எடுத்துடுவாரு.

குமரகுரு: எடுக்கட்டும்.

யேசுதாஸ்: துரைக்கண்ணு அண்ணன விட்டுடுவீங்களா?

குமரகுரு: சின்ன எழுத்துல அனுப்பினாலும் விட்ட மாதிரிதான்பா.

யேசுதாஸ்: புரியலண்ணா.

குமரகுரு: ...கடைல யாரும் இல்லியே?

யேசுதாஸ்: இல்ல. சொல்லுங்க.

குமரகுரு: ஐப்பசில, மார்க்கெட்டுல கலைவாணிய பாத்தேன். துரைக்கண்ணு பொண்ணு. "மாமா, அப்பாவுக்கு சின்ன எழுத்து தெரியல. சக்கரை கண்ணுக்கு எறங்கிடுச்சாம். யார்கிட்டயும் சொல்லாதீங்க, வெக்கப்படறாரு"னு முந்தானையால மூக்க தொடைச்சுக்கினா. அன்னிக்கி வீட்டுக்கு வந்துதான் அந்த எழுத்த பெருசாக்கற பட்டன தேடிப் புடிச்சேன். பொழுது போற வரைக்கும் தேடினேன்.

யேசுதாஸ்: செவப்பு?

குமரகுரு: செவப்பு தூரத்துலயே தெரியும்ல. லெவல் கிராசிங்ல கூட அதான வெக்கறான்.

யேசுதாஸ்: அப்போ பழைய மெயில அறுக்காதது...

குமரகுரு: போன மெயில்ல இன்னா எழுதினோம்னு மேலயும் கீழயும் தேடிக்கினு இருப்பானா அவன்? எல்லாம் ஒரே எடத்துல இருந்தா பாத்துக்குவான்னுதான்... பாவு கதையும் பொய் இல்ல. ரெண்டும்தான். இப்போ சொல்லு, அவன குருட்டுப் பயலேனு எந்த வாயால திட்டறது? இன்னாப்பா, ஸ்க்ரீனையே மொறைச்சுக்கினு இருக்கற?

யேசுதாஸ்: அண்ணா... நான் சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணி இருக்கறேன். பைபிள் மேல.

குமரகுரு: நான் கற்பூரத்த அணைச்ச சத்தியத்துலயே ஓட்ட கண்டுபுடிச்சவன். நீ சொல்லு.

யேசுதாஸ்: புகாரு குடுத்ததே துரைக்கண்ணு அண்ணன்தான். அவரு சொல்லச் சொல்ல நாந்தான் அடிச்சு அனுப்பினேன்.

குமரகுரு: அவனா? என் எழுத்து பெருசா இருக்குதுனு அவனா?

யேசுதாஸ்: பெருசு, செவப்புனு சேத்துக்கினதெல்லாம் சபாபதி. பெருசு சின்னது எதுவும் அவருக்குத் தெரியாதுண்ணா. தை மாசமே கண்ணு சுத்தமா போயிடுச்சு. நாந்தான் தென்னேரிக்குப் போய் போன்ல ஏற்பாடு பண்ணிக் குடுத்தேன். மெயில் வந்தா அதுவே வாய் விட்டுப் படிக்கும். அவரு பேசினா அதுவே எழுதிக்கும். முற்றுப்புள்ளி மட்டும் அதுக்கு வைக்கத் தெரியல.

குமரகுரு: ...செவப்பு?

யேசுதாஸ்: செவப்பு, கருப்பு எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். ஒரு பொம்பளக் குரலு. ஏத்தம் எறக்கம் இல்லாம படிச்சுக்கினே போவும். ரோஜா வந்தா "ரோஜா, ரோஜா, ரோஜா"னு கொத்து முடியற வரைக்கும் சொல்லும். அப்புறம் உங்க பட்டம். அப்புறம் போன மாசத்து மெயிலு, அதுக்கு முந்தின மாசத்து மெயிலு... நீங்க இன்னா திட்டினீங்கனு கேக்கறதுக்குள்ள சோறு ஆறிடுதாம்.

குமரகுரு: மூணு கலெக்டருக்கு வணக்கம் சொன்னத தினமும் ஒரு பொம்பள படிக்கிறாளா?

யேசுதாஸ்: தினமும்.

குமரகுரு: தையல்நாயகிக்குத் தெரிய வேணாம். ...ஏம்பா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லி இருக்கலாமில்ல அவன்?

யேசுதாஸ்: "அவனுக்குத் தெரிஞ்சா சண்டைய விட்டுட்டு என்ன பாவம் பாக்க ஆரம்பிச்சுடுவான். அதுக்கு அவன் தொல்லையே தேவல"ன்னாரு.

குமரகுரு: மணி இன்னா?

யேசுதாஸ்: ஆறாவப் போவுது.

குமரகுரு: எழுத்து அப்படியே ரவை மாதிரியே இருக்கட்டும். கருப்புலயே. பழைய மெயில நீயே அறுத்துடு, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். பட்டத்துல அந்த ஏரிய கடந்தத மட்டும் திரும்பப் போடு. அந்தப் பொம்பள படிக்கட்டும், அவன் வயிறு எரியட்டும்.

யேசுதாஸ்: போட்டுட்டேன். அனுப்பவா?

குமரகுரு: இரு. மன்னிப்புக்கு அடில ஒரு வரி சேத்துக்க. "ஏ குருட்டுப் பயலே, அது அரக்குதான்டா." ...சபாபதி இதுக்காவ என்ன தூக்கிடுவானா?

யேசுதாஸ்: தூக்க மாட்டாருண்ணா. அந்தப் புகாரோட கடைசி வரிய துரைக்கண்ணு அண்ணன் என்ன ரெண்டு வாட்டி படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுதான் அனுப்ப விட்டாரு: "குமரகுரு எந்த விதியை மீறினாலும் கேளுங்கள், அவன் என்னைக் குருட்டுப் பயலே என்று எழுதினால் மட்டும் யாரும் தடுக்க வேண்டாம், ஐப்பசியிலிருந்து அதற்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறேன்."